மூச்சுத் திணறும் மூட்டுகள்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் பழமொழி. அச்செல்வம் கையில் இருக்கும் வரை அதன் அருமை நமக்குப் புரிவதில்லை. விரலை மடக்க முடியாத ஒரு காலைப் பொழுதில்தான் அது புரிகிறது.

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் என் பெரியம்மா வசிக்கிறார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சிறு சிறு பாகங்களைப் பொருத்தும் வேலை அவருக்கு. விரல்கள்தாம் அவருடைய மூலதனம். மார்கழி பிறந்துவிட்டால் விடியுமுன் எழுந்து தெருவையே அடைத்துப் புள்ளிக் கோலம் போடுவார். நாங்கள் பள்ளிக்குச் செல்லும்போது கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து போவோம்.

ஒரு மார்கழியில் அவர் வாசல் வெறுமையாக இருந்தது. உள்ளே போய்க் கேட்டேன். "விரல் மடங்கவே மாட்டேங்குதுடி. எழுந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆனால்தான் டம்ளரையே பிடிக்க முடியுது" என்றார். இரண்டு கைகளிலும் விரல்களின் நடுக்கணுக்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாக, "வயசாகுது இல்லையா, எலும்புத் தேய்மானமா இருக்கும்" என்றார்கள். ஒருவர் தைலம் சொன்னார். ஒருவர் கீரை சொன்னார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெரியம்மா வேலைக்குப் போய்வந்தார். இப்படியே ஓர் ஆண்டு ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் உரிய மருத்துவரிடம் சென்றார். இரத்தப் பரிசோதனை செய்து பார்த்த மருத்துவர், "இது தேய்மானம் அல்ல, முடக்குவாதம். உங்கள் உடம்பின் காவல் படையே உங்கள் மூட்டைத் தாக்குகிறது" என்றார்.

அந்த வாரம் எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "முடக்குவாதம் வந்த மூட்டுக்குள் பிராணவாயு மிகவும் குறைந்துவிடும். அதுவே நோயை மேலும் வளர்க்கும்" என்றார் அவர். எனக்கு வியப்பாக இருந்தது. 2021-ஆம் ஆண்டில் கொரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய ஆக்சிமீட்டர் எங்கள் வீட்டில் இருந்தது. அதை எடுத்துச் சென்று பெரியம்மாவின் விரல் நுனியில் மாட்டினேன். 98 என்று காட்டியது! வீங்கிய கணுவுக்கும் அந்தக் கருவிக்கும் இடையே இரண்டு அங்குல தூரம்கூட இல்லை.

மறுநாள் ஆசிரியையிடம், "மிஸ், 98 காட்டுகிறதே!" என்றேன். அவர் சிரித்தார். "அந்தக் கருவி இரத்தத்தில் ஓடும் பிராணவாயுவை அளக்கிறது. கடையில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தால் எல்லார் வீட்டிலும் உலை கொதிக்குமா? வீடு வந்து சேர வேண்டாமா?" என்றார்.

தோழியரே, அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூட்டின் உள்ளே

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பான மெத்தைபோல் மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றி ஒரு பை உண்டு. அந்தப் பையின் உட்புறத்தை மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கும். இதனை மூட்டுறை என்று கூறலாம். நல்ல நிலையில் இவ்வுறையின் மேற்பரப்பில் ஒன்று முதல் மூன்று செல் அடுக்குகளே இருக்கும். முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்ற வழுவழுப்பான நீரை இது சுரக்கிறது. கதவின் கீலுக்கு எண்ணெய் எப்படியோ, மூட்டுக்கு இந்நீர் அப்படி. குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாய்கள் இல்லை. ஆகையால் அதற்கு வேண்டிய உணவும் இந்நீரின் வழியாகவே வந்து சேர்கிறது.

நம் உடலைக் கிருமிகளிடமிருந்து காப்பவை வெள்ளையணுக்கள். முடக்குவாதத்தில் இவை ஆள் மாறாட்டம் செய்துவிடுகின்றன. சொந்த உடலின் புரதங்களையே பகையென்று எண்ணிப் படையெடுக்கின்றன. இத்தவறு எதனால் தொடங்குகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. பரம்பரையாக வரும் சில மரபணுக்கள், புகைபிடித்தல் போன்றவை ஆபத்தை மிகுவிக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களை இந்நோய் இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. டெல்லியை அடுத்த கிராமங்களில் நடத்தப்பெற்று 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரியவர்கள் ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அப்படியானால் நம் ஒவ்வொரு பெரிய தெருவிலும் ஒருவராவது இருக்கக்கூடும் அன்றோ?

பிராணவாயு ஏன் குறைகிறது?

முதலில் சில அளவுகளைப் பார்ப்போம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். காற்றில் 21 விழுக்காடு பிராணவாயு. எனவே அதன் பங்கு ஏறத்தாழ 160 மில்லிமீட்டர். நுரையீரலைத் தாண்டித் தமனி இரத்தத்துக்கு வரும்போது இது 95 முதல் 100 வரை இருக்கும்.

மூட்டு நீரில் எவ்வளவு இருக்கும்? லுண்ட்-ஓலெசன் என்ற ஆய்வாளர் இதை அளந்து 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அடிபட்டு நீர் கோத்த மூட்டில் சராசரியாக 63 மில்லிமீட்டர் இருந்தது. தேய்மான நோயுள்ள மூட்டில் 43. முடக்குவாத மூட்டிலோ வெறும் 27! நாற்பது ஆண்டுகள் கழித்து, அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகர ஆய்வாளர்கள் நுண்ணிய கருவியை முழங்கால் மூட்டுக்குள் செலுத்தி, மூட்டுறையிலேயே நேரடியாக அளந்தார்கள். 2010-ல் வெளிவந்த அவர்களுடைய முடிவின்படி அங்கே பிராணவாயு ஏறத்தாழ 3 விழுக்காடுதான். சிலருக்கு 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. எந்த மூட்டில் பிராணவாயு குறைவோ, அந்த மூட்டில் அழற்சி மிகுதியாக இருந்தது.

இக்குறைவுக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கூட்டம். அழற்சி தொடங்கியதும் ஒன்று, இரண்டு அடுக்காக இருந்த மூட்டுறை பத்து அடுக்காகவும், அதற்கு மேலும்கூடத் தடித்துப்போகிறது. வெளியிலிருந்து வெள்ளையணுக்கள் வேறு வந்து குவிகின்றன. அத்தனை செல்களும் ஓய்வின்றி வேலை செய்பவை. அத்தனைக்கும் பிராணவாயு வேண்டும்.

இரண்டாவது, தூரம். நுண்ணிய இரத்தக்குழாயிலிருந்து பிராணவாயு ஊறிச் செல்லக்கூடிய தூரம் மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். 2019-ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பஞ்சத்தை நாம் மறக்கவில்லை. லாரி தெருமுனையில் வந்து நிற்கும். முன்வீட்டார் குடங்களை நிரப்பிக்கொள்வர். தெருக்கோடி வீட்டாருக்கு வெறுங்குடமே மிஞ்சும். அதுபோலவே, குழாயை ஒட்டிய செல்கள் பிராணவாயுவை எடுத்துக்கொள்ள, தொலைவில் உள்ளவை ஏங்கி நிற்கின்றன.

மூன்றாவது, அழுத்தம். மூட்டுக்குள் நீர் கோத்து வீங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அவ்வழுத்தம் மெல்லிய இரத்தக்குழாய்களை நெரித்து, வரும் இரத்தத்தையும் குறைத்துவிடுகிறது.

ஆகவே இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் மூட்டு மூச்சுத் திணறுகிறது. ஆக்சிமீட்டர் பொய் சொல்லவில்லை. நான்தான் தவறான இடத்தில் கேள்வி கேட்டேன். முகமூடி வைத்துப் பிராணவாயு ஏற்றுவது இந்நோய்க்கு மருந்தாகாது என்பதற்கும் இதுவே காரணம். கடையில் இன்னும் நாலு மூட்டை அரிசி இறக்கிவிட்டால் மட்டும் போதுமா?

கிழிக்கப்படாத கடிதம்

தனக்குப் பிராணவாயு போதவில்லை என்பதை ஒரு செல் எப்படி உணர்கிறது? இக்கேள்விக்கு விடை கண்ட மூவருக்கு 2019-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமெரிக்காவின் கிரெக் செமென்சா, வில்லியம் கெய்லின், இங்கிலாந்தின் பீட்டர் ராட்கிளிஃப் ஆகியோரே அம்மூவர்.

அவர்கள் கண்டது இதுதான். ஒவ்வொரு செல்லும் 'ஹிஃப்' என்ற ஒரு புரதத்தை இடைவிடாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. "பிராணவாயு இல்லை, உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதப்படும் அவசரக் கடிதமாக இதை நினைத்துக்கொள்வோம். பிராணவாயு போதுமான அளவு இருந்தால், அந்தப் பிராணவாயுவைக் கொண்டே ஒரு நொதி இக்கடிதத்தின் மேல் 'தள்ளுபடி' என்று முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்த கடிதம் சில நிமிடங்களில் கிழித்தெறியப்படுகிறது. பிராணவாயு குறைந்தால் முத்திரை குத்த வழியில்லை. கடிதம் கிழிபடாமல் செல்லின் தலைமையகமான உட்கருவுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே பல மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது.

எழுந்த மரபணுக்கள் என்ன செய்கின்றன? புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கக் கட்டளையிடுகின்றன. சர்க்கரையை மிகுதியாக உள்ளே இழுக்கின்றன. பிராணவாயு இல்லாமலே சக்தி பெறும் வழியைத் திறந்துவிடுகின்றன.

இந்தக் கடைசிச் செய்தியை அம்பத்தூர்ப் பெண்களாகிய நமக்கு எளிதில் விளக்கலாம். மின்சாரம் நின்றுபோனால் தொழிற்பேட்டையில் என்ன செய்வார்கள்? டீசல் ஜெனரேட்டரை ஓட்டுவார்கள். வேலை நிற்காது, ஆனால் செலவு மிகும், புகையும் சூழும். செல்லின் கதையும் இதுவே. பிராணவாயு இருக்கும்போது, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கிறது. ஏ.டி.பி. என்பது உயிரின் செலாவணி நாணயம். பிராணவாயு இல்லாமல் ஓடும் வழியில் கிடைப்பவை 2 ஏ.டி.பி. மட்டுமே. புகைக்கு ஈடாக லாக்டிக் அமிலம் சேர்ந்து மூட்டைப் புளிக்க வைக்கிறது.

மலையேறும் ஒருவருக்கும், காயம்பட்ட ஓர் இடத்துக்கும் ஹிஃப் உயிர் காக்கும் நண்பன். சில நாட்களில் நெருக்கடி தீர்ந்துவிடும். கடிதங்கள் மீண்டும் கிழிபடும். முடக்குவாத மூட்டிலோ நெருக்கடி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

காவலர் படும் பாடு

மூச்சு முட்டினால் படைவீரன் களைத்துச் சாய்வான் என்றே நாம் எதிர்பார்ப்போம். மூட்டுக்குள் இருக்கும் வெள்ளையணுக்கள் அப்படிச் சாய்வதில்லை. அதுதான் இந்நோயின் விந்தை.

முதலில் நியூட்ரோபில்களைக் காண்போம். போர்க்களத்துக்கு முதலில் ஓடிவரும் வீரர்கள் இவர்களே. இவர்களுடைய ஆயுள் மிகக் குறைவு. பொதுவாக வந்த வேலை முடிந்ததும் தாமாகவே மடிந்து அழற்சி அடங்க வழிவிடுவார்கள். ஆனால் பிராணவாயு குறைந்த இடத்தில் ஹிஃப் இவர்களுடைய ஆயுளை நீட்டிவிடுகிறது. இதனை 2005-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. விடைபெற வேண்டியவர்கள் தங்கிவிடுகிறார்கள். தங்கியவரை, அரிக்கும் நொதிகளைக் கொட்டுகிறார்கள்.

அடுத்து மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகள். கிருமியையும் குப்பையையும் விழுங்கித் துப்புரவு செய்பவை இவை. முடக்குவாத மூட்டுறையில் உள்ள பெருவிழுங்கிகளில் ஹிஃப் நிறைந்திருப்பதை 2001-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர். இவை டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் போன்ற தூது வேதிப்பொருள்களைச் சுரந்து, "இன்னும் படை அனுப்புங்கள்" என்று ஓயாது அழைப்பு விடுக்கின்றன. இதற்கு ஹிஃப் எவ்வளவு தேவை என்பதை 2003-ஆம் ஆண்டில் ஒரு சோதனை தெளிவாக்கியது. எலிகளின் பெருவிழுங்கி, நியூட்ரோபில் போன்ற செல்களிலிருந்து மட்டும் ஹிஃப் மரபணுவை ஆய்வாளர்கள் நீக்கினார்கள். அச்செல்களுக்குப் பிராணவாயுவின்றிச் சக்தி பெறும் திறன் குன்றியது. அந்த எலிகளுக்கு மூட்டு அழற்சியை உண்டாக்க முயன்றபோது வீக்கமும் சிதைவும் வெகுவாகக் குறைந்திருந்தன. ஜெனரேட்டரை எடுத்துவிட்டால் இரவு வேலை நின்றுபோவதைப் போன்றதே இது.

மூன்றாவது, டி லிம்போசைட்டுகள். இவற்றில் போரை மூட்டும் பிரிவும் உண்டு. போரை அடக்கும் பிரிவும் உண்டு. ஓர் இளம் டி செல் எந்தப் பிரிவில் சேர்வது என்று முடிவெடுக்கும் வேளையில் ஹிஃப் மிகுந்திருந்தால், அது போரை மூட்டும் பக்கம் சாய்கிறது என்பதை எலிகளிடம் நடத்திய ஆய்வுகள் 2011-ல் காட்டின. சமாதானம் பேச வேண்டியவர்கள் குறைந்து, தீயை மூட்டுபவர்கள் பெருகினால் என்னவாகும்?

நான்காவதாக எலும்பைக் கரைக்கும் செல்கள். இவையும் பெருவிழுங்கிகளின் இனத்தில் பிறந்தவையே. பழைய எலும்பைக் கரைத்துப் புது எலும்புக்கு இடம் கொடுப்பது இவற்றின் இயல்பான தொழில். பிராணவாயு குறைந்த சூழலில் இவை அளவுக்கு மீறி உருவாகின்றன. கூடவே மூட்டுறையின் நார்ச்செல்களும் வெறிகொண்டு குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. விரல் கோணுவதும், மணிக்கட்டு இறுகுவதும் இதன் விளைவே.

சுழலும் வட்டம்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். அழற்சி வந்தது, செல்கள் பெருகின. செல்கள் பெருகியதால் பிராணவாயு குறைந்தது. பிராணவாயு குறைந்ததால் ஹிஃப் எழுந்தது. ஹிஃப் எழுந்ததால் அழற்சி மேலும் பெருகியது.

"புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கின்றனவே, அவை பிராணவாயுவைக் கொண்டுவந்து சேர்க்காவா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே கேட்டேன். ஆனால் அவசரத்தில் முளைத்த அக்குழாய்கள் ஒழுங்கற்றவை, ஒழுகுபவை. அவை கொண்டுவரும் பிராணவாயு பெருகிய கூட்டத்துக்குப் போதுவதில்லை. அதே குழாய்களின் வழியாகப் புதிய வெள்ளையணுக்கள் இன்னும் எளிதாக உள்ளே நுழைகின்றன. தண்ணீர் கொண்டுவரப் போட்ட சாலையில் தண்ணீரைவிட ஆட்களே அதிகம் வந்து சேர்ந்த கதை!

பிராணவாயுக் குறைவு இந்நோயின் முதற்காரணம் அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தீயை வைத்தது வேறு. அதற்கு எண்ணெய் வார்ப்பது இது. ஆனால் எண்ணெய் வார்க்கும் கை ஓயாதவரை தீ தானே அணையாது. வலி மாத்திரை வலியை மறக்க வைக்கலாம். இந்த வட்டத்தை அறுக்காது. என் பெரியம்மா வலி மாத்திரையோடு கழித்த அந்த ஓராண்டு முழுவதும் வட்டம் சுழன்றுகொண்டேதான் இருந்தது. அவருடைய வலது கைச் சுண்டுவிரல் அந்த ஆண்டில்தான் கோணியது. அது இனி நிமிராது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. டப்ளின் ஆய்வாளர்கள், டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்து பெற்ற நோயாளிகளின் மூட்டுகளை மீண்டும் அளந்தார்கள். எவருக்கு அழற்சி அடங்கியதோ, அவருடைய மூட்டில் பிராணவாயு உயர்ந்திருந்தது. ஆம்! வட்டத்தை ஓரிடத்தில் அறுத்தால், மூட்டு மீண்டும் மூச்சு விடுகிறது.

சென்ட்ரலுக்கு எதிரே ஒரு மாணவர்

அந்த வட்டத்தை அறுக்க இன்று உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். பெரியம்மாவுக்கும் இதுதான் கொடுத்தார்கள். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்சார ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. மூட்டுவாத நோய்களுக்கென்று அங்கே தனித்துறை உண்டு. பூந்தமல்லிப் பக்கத்தார் பேருந்தில் வந்து சேர்கிறார்கள். மாத்திரைக்காகப் பெரியம்மாவும் அவ்வப்போது அங்கே போய்வருகிறார்.

அந்த மருத்துவமனையோடு இணைந்தது 1835-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரி. அக்கல்லூரியில் எல்லாப்பிரகத சுப்பாராவ் என்ற மாணவர் ஒருவர் படித்தார். 1895-ல் கோதாவரிக் கரைச் சீமையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். அவருடைய சகோதரர் இருவர் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் குடல் நோயால் மாண்டனர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டும் பெற்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பிறகு அமெரிக்கா சென்றார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, தசையில் உள்ள ஏ.டி.பி.-யை 1929-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் இவரே. ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியாகக் கண்டறிந்தார். மூச்சுத் திணறும் செல் எதற்காகத் தவிக்கிறதோ, அந்த நாணயத்தை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் நம் சென்னை மாணவர்! பின்னர் நியூயார்க்கை அடுத்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, 1940-களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவருடைய சகோதரர்களைக் கொன்ற குடல் நோய்க்கு அது மருந்தாயிற்று. அதே குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் பொருள்களையும் உருவாக்கியது. அவற்றுள் ஒன்றுதான் மெத்தோட்ரெக்சேட்.

அக்குழு தந்த பொருளைக் கொண்டு பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தணித்துக் காட்டியது 1948-ல். அதே ஆண்டில் சுப்பாராவ் 53 வயதில் காலமானார். மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கான மருந்தாக அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 1988-ல். ஃபார்பர் தோற்றுவித்த அதே நிலையத்தில்தான், ஹிஃப் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற கெய்லின் பணியாற்றினார் என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் சிறிய அளவில் இம்மருந்து அடினோசின் என்ற பொருளை மிகுவித்து வெள்ளையணுக்களைத் தணிக்கிறது என்று கருதுகின்றனர். இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றிருக்கும் பெண்கள் உட்கொள்ளவே கூடாது. இரத்தப் பரிசோதனைகளும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். பக்க விளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையையும் மருத்துவர் தருவார். பெரியம்மாவின் டப்பாவில் இரண்டு மாத்திரைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை என்று நான் சொன்னபோது, "நம்ம ஜி.எச்.ல படிச்சவரா!" என்று வாய்விட்டுக் கூறி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாம் செய்ய வேண்டுவது

தோழியரே, நாம் மருத்துவர் அல்லர். ஆனால் நம் வீட்டில் காலையில் முதலில் எழுபவர் அம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கிறார். அவர் கைகளை நாம் கவனிக்கலாம். தேய்மானம் பெரும்பாலும் முதுமையில் வரும், வேலை செய்தபின் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதமோ இளம் வயதிலும் நடு வயதிலும்கூட வரும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மூட்டுகள் இறுகியிருக்கும். இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்கும். காரணமின்றி உடல் சோர்ந்திருக்கும். இப்படி ஆறு வாரம் நீடித்தால் தைலத்தையும் வலி மாத்திரையையும் நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தொடங்கிய சில மாதங்களுக்குள் சிகிச்சை பெற்றால் மூட்டு கோணாமல் காக்க முடியும். நடத்தல், விரல் பயிற்சி ஆகியவற்றை மருத்துவர் சொன்னபடி செய்வதும் நல்லது.

நம் வீட்டுப் பெண்கள் "முடியவில்லை" என்று எளிதில் சொல்வதில்லை. சொன்னாலும், "எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று நாம் காதில் வாங்குவதில்லை. வெளியே 98 என்று காட்டும் உடம்புக்குள்ளே ஒரு மூட்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம் என்பதை என் பெரியம்மாவின் கையிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

சென்ற மார்கழியில் அவர் வாசலில் மீண்டும் கோலம் இருந்தது. முன்போல் தெருவை அடைக்கும் கோலம் அல்ல. ஒன்பது புள்ளிக் கோலம். கோணிய சுண்டுவிரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு போட்டிருந்தார். நான் அருகில் அமர்ந்து புள்ளி வைத்துக் கொடுத்தேன். அந்த ஓராண்டை வீணாக்காமல் இருந்திருந்தால் இருபத்தொரு புள்ளியே வைத்திருக்கலாம். உங்கள் வாசல் கோலம் சிறுத்துவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.